வாசகர் கேள்வி பதில்: படம் நிஜம், தேதி பொய்

கேள்வி: இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பொய்ச் செய்தியை அடையாளம் காண, ‘எழுத்துப்பிழை உண்டா, இணையதளம் ஒழுங்காக இருக்கிறதா’ என்று பத்து அம்சப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தேன். அப்படியும் ஏமாறுகிறார்கள். எங்கே தவறு?
விரிவுரையாளர், தருமபுரி

பதில்: தவறு பட்டியலில்தான். அது மாணவரை அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. பொய்யைப் பரப்புகிறவருக்கும் அழகான லோகோ போடத் தெரியும், பிழையில்லாமல் எழுதத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்து 2017இல் எழுதினார்கள். அறிஞர்களில் பலரே லோகோவையும் இணைய முகவரியையும் நம்பி ஏமாந்திருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்ததும் வெளியேறி, புதிய டேப்களில் ‘இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்’ என்று தேடினார்கள். கற்றுத்தர வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

50 நிமிட வகுப்பில் முதல் 10 நிமிடம் நீங்களே தேடிக் காட்டுங்கள். தப்பான பாதையில் போய்த் திரும்புவதையும் மறைக்காதீர்கள். அடுத்த 30 நிமிடத்தில் ஐந்து செய்திகள், ஒன்றுக்கு 6 நிமிடம், இரண்டு பேருக்கு ஒரு செல்போன். கடைசி 10 நிமிடம், விடையைவிட அதற்கு வந்த வழியைப் பேச வேண்டும். ஐந்தில் குறைந்தது இரண்டு உண்மையாக இருப்பது கட்டாயம். ஐந்தும் பொய் என்றால், ‘எதையும் நம்பாதே’ என்ற பாடத்தோடு மாணவர் வெளியே போவார். நாளைக்கு அணையிலிருந்து வரும் நிஜமான வெள்ள எச்சரிக்கையையும் அவர் தள்ளிவிடுவார்.

உதாரணங்களை உள்ளூரிலிருந்தே எடுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்தது உண்மை. அந்தப் படத்தை ‘இன்று காலை’ என்று போட்டு அனுப்பினால், படம் நிஜம், தேதி பொய். மாணவர்கள் படத்தில் ஒட்டு வேலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் கிடைக்காது. வீடியோவாக இருந்தால் மூன்று நான்கு இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸில் போடச் சொல்லுங்கள். தண்ணீரை வெட்டிவிட்டு, பாலம், பெயர்ப்பலகை, கட்டடம் இருக்கும் பகுதியை மட்டும் போட வேண்டும். வெள்ளம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் பொதுவாக நீங்கிவிடும் என்பதால் அதைத் தோண்டுவதில் பயனில்லை.

ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தி என்றால் அலகைப் பார்க்கட்டும். ‘நொடிக்கு இத்தனை கன அடி’ என்பது நீர் வரும் வேகம், டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பது மொத்த அளவு. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் 1 டி.எம்.சி. இரண்டையும் குழப்பி எழுதிய செய்தியை அங்கேயே நிறுத்திவிட்டு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்த அளவைத் தேட வேண்டும்.

இன்னொரு குழி: வதந்தியின் வார்த்தைகளையே அப்படியே தேடினால், அதே வதந்தியை எழுதிய பக்கங்கள்தான் முன்னால் வரும். வார்த்தையை மாற்றித் தேட வேண்டும்.

கேள்வி: குடும்ப குரூப்பில் மாமா ‘பிள்ளை பிடிக்கும் கும்பல்’ வீடியோ போடுகிறார். பெரியவர், எப்படிச் சொல்வது?
கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: சும்மா விடக்கூடாத வதந்தி இது. 2018 மே மாதம் பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

குரூப்பில் மறுக்க வேண்டாம். எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தால் மாமா பிடிவாதமாகத்தான் நிற்பார். தனியாக போன் செய்யுங்கள். அவர் போட்டது அந்தக் கராச்சி வீடியோ என்றால் இப்படிச் சொல்லலாம்: ‘மாமா, புள்ளைங்க மேல அக்கறையாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா அது நம்ம ஊர்ல எடுத்ததில்லீங்க, முடிவை வெட்டியிருக்காங்க. முழுசா அனுப்பறேன், பாருங்க. நீங்களே குரூப்புல சொல்லிட்டா நல்லா இருக்கும்.’ திருத்தம் அவர் வாயால் வந்தால் குரூப்பில் எடுபடும்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உண்மையை முதல் வரியில் வையுங்கள். பொய்யை ஒரு தடவை மட்டும் குறிப்பிட்டு, அது எப்படிப் பொய் என்று சொல்லி, மீண்டும் உண்மையில் முடியுங்கள். பழைய வீடியோவைத் திரும்ப ஃபார்வர்ட் செய்யாதீர்கள். குறுக்கே ‘பொய்’ என்று எழுதிய ஸ்கிரீன்ஷாட் போதும்.

கேள்வி: ஏ.ஐ. வீடியோவை விரல்களை எண்ணிக் கண்டுபிடிக்கலாமா?
மாணவர், ஓசூர்

பதில்: அந்தக் காலம் போய்விட்டது, இப்போது விரல்கள் சரியாகவே வருகின்றன. முதலில் போட்டது யார், வீடியோவில் இருப்பவர் பேசியதாகச் சொல்லும் கூட்டத்தை வேறு யாராவது படம் எடுத்தார்களா என்று தேடுங்கள். தெரிந்தவர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அது வேறு வேறு கணக்குகளுக்கு மாறிக்கொண்டே போகும்.