இரவு பத்து மணிக்கு மணிலா அட்டை: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகன் படிவம் இரண்டு. புராஜெக்ட் கொடுத்து இரண்டு வாரமாகிறது. நேற்று இரவு பத்து மணிக்கு வந்து, "அம்மா, நாளைக்கு மணிலா அட்டை வேணும்" என்கிறான். இது சோம்பலா, திமிரா? – வாசகி, செந்தூல்

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, அம்மா. திட்டமிடுவதில் பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியுடையது. ஆறு வயதிலேயே மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடும். ஆனால் அளவு வேறு, பக்குவம் வேறு. முன்பகுதியில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் 11, 12 வயதுவாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம் மெலியும். பயப்படாதீர்கள். புழங்கும் நரம்பு இணைப்பு தங்குகிறது, புழங்காதது கழிகிறது. கூடவே நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறி, செய்தி வேகமாக ஓடத் தொடங்குகிறது. இதெல்லாம் கடைசியாக முடிவது நெற்றிப் பகுதியில்தான், இருபதுகளின் நடுவில். உங்கள் மகனுக்கு வயது பதினான்கு.

"திட்டம் போட்டுச் செய்" என்று சொல்லிப் பயனில்லை. அவனுக்கு வராததே அதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி நாளில் தொடங்கிப் பின்னோக்கிக் கேளுங்கள். வியாழக்கிழமை கொடுக்கணும், அப்படியென்றால் எப்போது ஒட்டுவாய்? ஒட்டப் படம் வேணுமே, பிரிண்ட் எப்போது? அட்டை வாங்கக் கடைக்கு எந்த நாள்? பதிலை அவனே நாட்காட்டியில் எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் திட்டமாகிவிடும். அடுத்த புராஜெக்டில் ஒரு கேள்வியைக் குறையுங்கள். (மகளுக்காக இரவு பதினொரு மணிக்கு அட்டை தேடிக் கடை கடையாக அலைந்தவன்தான் நானும்.)

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஒரு ஸ்கேன் எடுத்தால் அவளுடைய திட்டமிடும் திறன் தெரிந்துவிடுமா? – வாசகர், செராஸ்

பதில்: தெரியாது. காசை மிச்சப்படுத்துங்கள். மேலே சொன்னதெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் எம்ஆர்ஐ படங்களைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்கு. ஒரு பிள்ளையின் படத்தை வைத்து அவள் எப்படித் திட்டமிடுவாள் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சோதிக்கும் நாங்கள் பார்ப்பது செயலை. 1982இல் டிம் ஷாலிஸ் என்ற உளவியலாளர் அமைத்த "லண்டன் கோபுரம்" என்ற சோதனை இருக்கிறது. உயரம் வேறுபட்ட மூன்று குச்சிகள், மூன்று நிற மணிகள். காட்டிய வடிவத்துக்கு, சொன்ன நகர்வு எண்ணிக்கைக்குள் மணிகளை மாற்ற வேண்டும். எனக்கு விடை அவ்வளவு முக்கியமில்லை. கை எப்போது நகர்கிறது என்றுதான் பார்ப்பேன். சின்னப் பிள்ளைகள் பலர் சொல்லி முடிப்பதற்குள் மணியைத் தூக்கிவிடுவார்கள். கை மடியில் கிடக்க, கண் மட்டும் குச்சிக்குக் குச்சி தாவினால், உள்ளே திட்டம் ஓடுகிறது. வீட்டில் பல்லாங்குழி ஆடும்போது நீங்களே இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: அக்காள் பத்து வயதிலேயே பையை ஒழுங்காக அடுக்குவாள். தம்பிக்குப் பன்னிரண்டாகியும் வரவில்லை. – வாசகி, கெப்போங்

பதில்: முதல் பதிலில் சொன்ன சாம்பல்நிறப் பொருளின் உச்சம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக ஓராண்டு முந்தி வருகிறது. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியது. ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: பதினான்கு வயதில் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். பேரனுக்கு வாட்டர் பாட்டில் எடுக்கக்கூட ஞாபகமில்லை. கைப்பேசி கெடுத்துவிட்டதா? – தாத்தா, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஐயா, கோபிக்காமல் கேளுங்கள். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் மரத்தைச் சீவும் வெட்டு, அப்புறம் பால் எடுப்பது. இந்த வரிசையைப் போட்டது நீங்கள் இல்லை, தோட்டம். உங்கள் நெற்றிமூளைக்கும் அப்போது பதினான்கு வயதுதான். கைப்பேசியில் எனக்குள்ள கவலை தூக்கம். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் கைப்பேசியை வாங்கி வையுங்கள்.

பிறகு, ஒரு சனிக்கிழமை பத்துமலைக்குப் போகும் பொறுப்பைப் பேரனிடம் விடுங்கள். கேஎல் சென்ட்ரலில் எந்த கொமியூட்டர் ரயில், எத்தனை மணிக்குக் கிளம்பணும், டிக்கெட்டுக்கு எவ்வளவு, எல்லாம் அவன் கணக்கு. ரயிலைத் தவறவிட்டால், அடுத்தது வரும்வரை ஒன்றும் சொல்லாமல் அவனோடு உட்கார்ந்திருங்கள். உங்களுக்குக் கஷ்டம் அதுவாகத்தான் இருக்கும்.