மாற்றியதா குற்றம்?

கேள்வி: கொரோனா காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்றார்கள், பிளாஸ்மா என்றார்கள், அப்புறம் ஸ்டீராய்டு என்றார்கள். சிகிச்சையை இப்படி அடிக்கடி மாற்றிய மருத்துவமனைகளை எப்படி நம்புவது?

பதில்: மாற்றியதற்காகக் கோபப்படுகிறீர்கள். என் கோபமெல்லாம் மாற்றாமல் இழுத்தடித்த மாதங்களின் மேல்தான்.

ஸ்டீராய்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 தொடக்கத்தில், அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சில மருத்துவர்கள், கொடுத்தால் ஆபத்து என்று சிலர். பிரிட்டனின் ரெக்கவரி சோதனைக்காரர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஜூன் 16 அன்று விடை வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் 28 நாளுக்குள் இறந்திருந்தார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 29 பேர். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பயனில்லை என்று அதே மாதம் சொன்னதும் இதே சோதனைதான். இவ்வளவு தெரிந்த பிறகும் மாற்றாத மருத்துவமனை இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படுங்கள்.

குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் பிளாஸ்மாவின் கதை வேறு. இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய சோதனை, பிளாஸ்மா மரணத்தையும் குறைக்கவில்லை, நோய் முற்றுவதையும் தடுக்கவில்லை என்று காட்டியது. 2020 அக்டோபரில் அது அச்சிலேயே வந்துவிட்டது. தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே மாதம். நடுவில் இரண்டாம் அலை. வார்டு வாசலில் ஒரு சீட்டை நீட்டி, "பிளாஸ்மாவுக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ரத்த வகை, படுக்கை எண், மகனின் செல்போன் எண் போட்ட செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனுக்கே அலைய வேண்டியிருந்த நேரத்தில், பயனில்லை என்று தெரிந்துவிட்ட ஒன்றுக்காகவும் அந்த மகனை அலையவிட்டார்கள். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

சோதனைகளை ஆதரித்து இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம், "சாகக் கிடக்கிறவரைக் குலுக்கல் போடுவதா, இரக்கமே கிடையாதா?" என்று கடிதம் வரும். எது காப்பாற்றும் என்று யாருக்கும் தெரியாதபோது ஆளுக்கொரு மருந்தைக் கொடுத்து, கணக்கும் வைக்காமல் விடுவது எந்த விதத்தில் இரக்கம்? அடுத்த படுக்கைக்கு வருகிறவருக்கும் அதே இருட்டுதான் மிச்சம்.

மருத்துவர் திலீப் மகலனபிஸ் கணக்கு வைத்தார். 1971-ல் மேற்கு வங்கத்தில் பங்களாதேஷ் அகதிகளிடையே காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே புகட்டச் சொன்னார். அது குருட்டுத் துணிச்சல் இல்லை. டாக்காவிலும் கொல்கத்தாவிலும் 1960-களின் கடைசியிலேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர் பார்த்த நோயாளிகளிடையே மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சரி, எப்படி நம்புவது என்கிறீர்கள். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், எந்தச் சோதனையை வைத்து என்று நோயாளியின் மொழியில் வார்டு வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். அப்படி ஒட்டுகிற மருத்துவமனை மாதம் மூன்று முறை மாற்றினாலும் நான் நம்புவேன்.