பல் மருத்துவப் படிப்பில் செய்முறைப் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு செலவு?

கேள்வி: மகளுக்குப் பல் மருத்துவம் படிக்க ஆசை. கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கணினியில் பழகும் சிமுலேட்டர் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் செய்முறைக்கு ஏன் இவ்வளவு செலவு? குறைக்க முடியாதா?

பதில்: சிங்கப்பூரில் பல் மருத்துவராக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மாணவர்களை மேற்பார்வை செய்யவும் போகிறேன். கருவிச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் மாணவர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கட்டணம். இங்கே பல் மருத்துவப் பட்டத்துக்கு என்யுஎஸ் எனும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்தான். இந்தப் படிப்பு 1929-ல் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு பிரிவாகத் தொடங்கியது. 4 வருடப் படிப்பு. கல்வி அமைச்சின் மானியம் போகக் குடிமக்கள் வருடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டுகிறார்கள். மானியம் இல்லையென்றால் 150,000 வெள்ளியைத் தாண்டும். அந்த வித்தியாசத்தை அரசாங்கம் ஏற்பதால்தான் படித்து முடித்தபின் 4 வருடம் இங்கே வேலை செய்யும் ஒப்பந்தம்.

பயிற்சி 'ஃபேன்டம் ஹெட்' என்ற பொம்மைத் தலையில் ஆரம்பிக்கும். 1894-ல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்த யோசனை, இன்னும் கைவிடப்படவில்லை. அதில் பொருத்தும் பிளாஸ்டிக் பல்லை ஒருமுறை குடைந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பழக முடியாது, புதுப் பல் வாங்க வேண்டும். நோயாளிகளிடம் வந்தபின் செலவு வேறு மாதிரி. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸை ஒவ்வொருவருக்குப் பிறகும் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் 134 டிகிரி செல்சியஸில் கிருமி நீக்கம் செய்கிறோம். அது முடியும்வரை அடுத்த நோயாளிக்கு இன்னொன்று வேண்டும். அந்தச் சூட்டில் கருவியும் சீக்கிரம் தேயும்.

பிடுங்கிய பற்கள் சும்மா கிடைக்குமே என்பார்கள். அவற்றையும் கிருமி நீக்கம் செய்தாக வேண்டும். அமல்கம் என்ற பாதரசக் கலவை அடைத்த பல்லைச் சூடாக்கினால் பாதரச ஆவி வரும் என்பதால் அதை ஃபார்மலின் என்ற கிருமிநாசினி திரவத்தில் ஊறவைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும்.

சிமுலேட்டரை நான் வரவேற்கிறேன். கையில் கருவியின் அழுத்தத்தை உணரவைக்கும் வகைகூட இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் குடையலாம், எங்கே அதிகம் வெட்டினோம் என்று காட்டும். முதல் சில மாதங்களுக்கு அருமை. அதற்கப்புறம் போதாது. எச்சில் ஊறும் வாய், குறுக்கே வரும் நாக்கு, பயத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் நோயாளி, இவற்றோடு வேலை செய்யும் பழக்கம் அதில் வராது.

சொத்தை எடுக்கும்போது மாணவர்கள் அடிக்கடி கேட்பது, "டாக்டர், இன்னும் எடுக்கணுமா, நிறுத்தலாமா?" என்றுதான். டென்டின் என்பது பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு. நல்ல டென்டின், சொத்தை சுரண்டும் சின்னக் கரண்டியால் சுரண்டினால் எதிர்க்கும். சொத்தை பிடித்த டென்டின் ஈரத்தோல் மாதிரி உரிந்து வரும். கறை மட்டும் படிந்து கெட்டியாக இருக்கும் இடமும் உண்டு, அதை விட்டுவிடலாம். நிறத்தை நம்பி வெட்டிக்கொண்டே போனால் நரம்பு திறந்துவிடும், சாதாரண அடைப்பு ரூட் கெனாலில் போய் முடியும். அந்த நேரத்தில் கரண்டியை வாங்கிச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இங்கே தொட்டுப் பாருங்க, இப்ப இங்கே" என்று சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

நான் அரை மணியில் முடிக்கும் அடைப்புக்கு மாணவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். மரத்துப்போக ஊசி போடும் முன், சொத்தை எடுத்தபின், அடைத்தபின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்க்க வேண்டும். நோயாளியிடம் வாங்குவதோ குறைந்த கட்டணம். ஒரே ஆசிரியர் பத்து நாற்காலிகளைக் கவனித்தால் பாட்டி ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார், அல்லது மாணவர் காத்திருக்காமல் மேலே வெட்டிவிடுவார். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

மகளை வெளிநாட்டுக்கு அனுப்ப யோசித்தால், அந்தப் பட்டம் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அப்புறம் கல்லூரியிடம், நோயாளிகளைப் பார்க்கும் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், எந்த வருடத்தில் நோயாளியைத் தொட விடுகிறார்கள், கருவிகள் கட்டணத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள். இந்தியாவில் பல கல்லூரிகளில் கருவிகளை மாணவரே வாங்க வேண்டியிருக்கும். கட்டணம் குறைவாகத் தெரிந்தாலும் அதையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.