சவுத் சிட்னியை ஏன் வெளியேற்றினவை? புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, சிட்னிக்கு வந்து நாலு மாதம் என்று எழுதியிருக்கிறீங்கள். வேலையிடத்தில உங்கட சூப்பர்வைசர் சவுத் சிட்னி என்ற ரக்பி லீக் கிளப்பின்ர ரசிகர், 1999 என்ற கதை வந்தாலே அவருக்குக் குரல் தழுதழுக்குது, இவ்வளவு சனம் விரும்பின கிளப்பை எப்படித் தொடரில இருந்து வெளியில தள்ளினவை என்று கேட்டிருக்கிறீங்கள். நான் 1996இல வந்தனான். கண்ணால கண்டதையும் சேர்த்துச் சொல்லுறன்.

கொழும்பு, கண்டிப் பள்ளிக்கூடங்களில பெடியள் விளையாடுறது ரக்பி யூனியன், பக்கத்துக்கு 15 பேர். இங்க சிட்னியில ஃபுட்டி என்றால் 13 பேர் ஆடுற ரக்பி லீக்.

1995இல பத்திரிகை, டிவி முதலாளி ரூபர்ட் மேர்டொக்கின்ர நியூஸ் லிமிடெட் கம்பனி டிவி உரிமைக்காக இந்த விளையாட்டையே இரண்டாக உடைச்சது. 1997இல இரண்டு தொடர் தனித்தனியாக நடந்தது. வீரர்களுக்குக் காசைக் கொட்டிக் களைச்சு, கடைசியில இரண்டு பக்கமும் சமாதானம் ஆகினவை. 1998இல கையில 20 அணி. 2000இல 14 தான் இருக்கவேணும் என்று ஒப்பந்தம். யாரை வைச்சிருக்கிறது, யாரை விடுறது? கிளப்புகளுக்குப் புள்ளி போட்டினம்: மைதானத்துக்கு வந்த சனம், வாசல் வசூல், விளம்பரக் காசு, லாபநட்டம், வென்ற ஆட்டங்கள். தனிய நிற்கப் பயந்த கிளப்புகள் சோடி சேர்ந்தன. பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்சும் சேர்ந்ததுதான் இப்ப இருக்கிற வெஸ்ட்ஸ் டைகர்ஸ். சவுத் சிட்னி, எல்லாரும் சுருக்கமாகச் சொல்லுற சவுத்ஸ், சேர மறுத்திட்டுது. 1908இல தொடர் தொடங்கின நாளில இருந்து ஆடி, 20 தரம் கிண்ணம் எடுத்த கிளப். 1999 ஒக்டோபரில வெளியில விட்டிட்டினம்.

2000 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. டவுன் ஹோல் பக்கத்தில ஒரு சமையலறையில நான் கோப்பை கழுவின காலம். சத்தம் கேட்டு வெளியில வந்து பார்த்தன். சவுத்ஸைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லி ஊர்வலம். ரெட்ஃபேர்னில இருந்து தெரு முழுக்க அவையின்ர நிறமான சிவப்பும் பச்சையும். 80,000 பேர் என்று பிறகு சொன்னவை. என்ர அம்மம்மா வயசில ஒரு மனுசி, கழுத்தில பழைய கம்பளிச் சால்வை, கையில காசு சேர்க்கிற வாளி. நான் இரண்டு டொலர் போட்டன். அவ என்ர ஈரக் கையைப் பிடிச்சு நன்றி சொன்னா. ஊரை விட்டு வந்து நாலு வருசம். ஊர்க் கழகம் இல்லாமல் போறது என்னெண்டு அவவுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எனக்கு அவ சொல்லவும் தேவையில்லை.

ஆனால் தம்பி, உண்மையையும் சொல்லவேணும். அண்டைக்குத் தெருவில நடந்த சனம் எல்லாம் கிழமைக்குக் கிழமை டிக்கெட் வாங்கிப் போயிருந்தால் புள்ளி வேற மாதிரி வந்திருக்கும். நெஞ்சில இருக்கிற அன்பு கணக்குப் புத்தகத்தில ஏறாது. அதே நேரம், தொண்ணூறு வருசத்துக்கு மேல ஒரு ஊரோட ஒட்டியிருந்த கிளப்பை ஒரு சில வருசக் கணக்கால அளந்ததும் பெரிய அநியாயம்தான். இதை நான் எங்கேயும் சொல்லுவன்.

சவுத்ஸ் வழக்குப் போட்டு, 2001 ஜூலையில மேன்முறையீட்டில வென்று, 2002இல திரும்பி வந்தினம். 2003இல உயர்நீதிமன்றம் சட்டப்படி நியூஸ் பக்கம்தான் சரி என்று தீர்ப்புச் சொன்னது, ஆனாலும் சவுத்ஸ் அப்படியே தொடர்ந்து ஆடினது. 2006இல அங்கத்தவர்கள் வாக்குப் போட்டு, நடிகர் ரசல் குரோவுக்கும் அவரின்ர கூட்டாளிக்கும் 75 வீதத்தை விற்றினம். மிச்சம் 25 வீதம் அங்கத்தவர் கையில.

இப்ப கிளப்புகள் தாக்குப்பிடிக்கிறது டிவிக் காசில இருந்து வாற மானியத்தாலயும், விளம்பரத்தாலயும், அங்கத்தவர் சந்தாவாலயும். இன்னொரு வழி லீக்ஸ் கிளப், அணியோட சேர்ந்த பொழுதுபோக்குக் கிளப். பெரிய சாப்பாட்டு மண்டபம், மலிவான சாப்பாடு, குடும்பத்தோட போகலாம். ஆனால் அங்க வருமானத்தில பெரும்பங்கு போக்கி மிஷின் என்ற சூதாட்ட மிஷினில இருந்து. சாப்பிட்டிட்டு நேராக வீட்டுக்கு வாங்கோ. வீட்டு வாடகையை அந்த மிஷினுக்குக் குடுத்த எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு அணி பிடிச்சால், சின்னதாக ஒரு மெம்பர்ஷிப் எடுங்கோ. கிளப்பின்ர கணக்கில ஏறுற ஆதரவு அதுதான். சூப்பர்வைசரிட்ட 2014 இறுதிப் போட்டியைப் பற்றிக் கேளுங்கோ. 43 வருசத்துக்குப் பிறகு கிண்ணம், கன்டர்பரியை 30-6 என்று வென்றவை. முகத்தில எலும்பு உடைஞ்சும் கடைசி வரைக்கும் நின்று ஆடின சாம் பேர்ஜசைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், குறுக்க கதைக்காமல் கேளுங்கோ.