முன்பின் அறியாத இருவரின் வாய்த்தகராறு கொலை வரை போவது எப்படி?

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் ஒருவர் ஹாரன் அடிக்கிறார். பச்சை விழுந்துவிட்டது என்பதே அவர் சொல்ல நினைத்தது. முன்னால் பைக்கில் இருப்பவருக்கு அது அதட்டலாகக் கேட்கிறது. தெரிந்தவர் என்றால் 'ஏதோ அவசரம்' என்று விட்டுவிடுவோம். அந்நியர் என்றால் திமிர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சூழலை மறந்து, பிறர் செயலுக்குக் குணத்தையே காரணமாக்கும் இந்தப் பிழையை உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் பெயரிட்டு விளக்கினார்.

அடுத்த கட்டம்தான் ஆபத்து. 'நீங்கள்' போய் 'யாருடா நீ' வந்ததும், ஹாரன் மறந்துபோய் யார் பெரியவர் என்பது மட்டும் மிஞ்சுகிறது. கூட்டம் கூடினால் பின்வாங்குவது அவமானமாகத் தோன்றும். விலக்கிவிட வேண்டியவர்கள் செல்போனில் படம் பிடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொல்லும் எண்ணமே இல்லாமல் வீசிய ஒரு கல் தலையில் பட்டாலும் உயிர் போய்விடும்.

முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டைச் சாவை இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவு சில நிபந்தனைகளுடன் கொலைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆனாலும் 105-ஆம் பிரிவில் ஆயுள் சிறை வரை உண்டு.

ஆகவே, "அண்ணே, தெரியாமல் நடந்துவிட்டது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் அவர் அடங்காவிட்டால் அங்கிருந்து விலகிப்போய் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.