மெத்தை போட்டும் குட்டி ஈனாத முயல்

கேள்வி: தரகர் ஒருவரிடம் ஒரு சோடி முயல் வாங்கினேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. பெட்டை தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தையும் போடுகிறது, குட்டிதான் இல்லை. காட்டு முயலோடு கலந்த சோடி தருகிறேன், குட்டிகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் தரகர். வாங்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

வாங்காதீர்கள். கையில் இருப்பது சோடிதானா என்று முதலில் பாருங்கள். முயலை மடியில் மல்லாத்தி, வாலடியில் உள்ள துவாரத்தின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். வட்டமாகத் துருத்தினால் கடுவன். நீளப் பிளவாகத் தெரிந்தால் பெட்டை. விதையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பயந்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பெட்டைகளைச் சோடி என்று தலையில் கட்டுவது தரகர்களின் பழைய வித்தை.

பெட்டையின்மேல் பெட்டையும் ஏறும். மாட்டுக்குச் சினைமுட்டை தானாக வெளியாகும், முயலுக்கு அப்படியில்லை. ஏறிய தூண்டுதலில்தான் வெளியாகும். ஏறியது எதுவானாலும் உடல் ஏமாந்து பொய்ச்சினை கொள்ளும். ஏறிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 16 முதல் 18 நாளில் ரோமம் பிடுங்கினால் பொய்ச்சினை. உண்மைச் சினையானால் ஈனுவது 30 முதல் 32 நாளில். ரோமம் பிடுங்குவதும் அதையொட்டித்தான்.

ஒரு விலக்கு உண்டு. சோடி சரியாக இருந்தும் பொய்ச்சினை வரலாம். வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் கடுவன் ஏறும், ஆனால் விந்தில் உயிர் இராது. 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் வெந்தால் இந்த நிலை. வெயில் தணிந்த பின்னும் தேற ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் கடுவனைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள். கூட்டை வேம்பின் நிழலுக்கு மாற்றுங்கள், கிடுகு வேயுங்கள், நண்பகலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள். வாழ்வாதார உதவி என்று முயலைக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கூடு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஒரு தாள்கூடக் கொடுக்காத திட்டம் என்ன திட்டமோ!

காட்டு முயல் கதை முழுப் பொய். இரண்டும் வேறு இனம், கலந்து குட்டி பிறக்காது. காட்டு முயல் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயல் குட்டி வெறும் தோலோடு பிறந்து பத்து நாள் கழித்தே கண் விழிக்கும். சொன்னாலும் தரகர் ஒப்பமாட்டார், அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். குட்டியைத் திரும்ப வாங்குவேன் என்றால் விலையையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்த இடத்திலேயே பேச்சு மாறும். இவர்கள் பிழைப்பதே சோடி விற்றுத்தான். உங்கள் குட்டி இதே கதையோடு அடுத்த ஊருக்குப் போகும். வாங்க ஆள் தீர்ந்ததும் அவருடைய தொலைபேசி ஓய்ந்துவிடும்.

இரண்டும் பெட்டையானால் கடுவன் ஒன்றை மட்டும், வளர்ப்பவர் ஒருவரிடம் நேரில் சோதித்து வாங்குங்கள். தனிக்கூட்டில் வையுங்கள். மார்கழி, தை குளிரில் பெட்டையைக் கடுவனின் கூட்டுக்குள் கொண்டுபோய் விடுங்கள். கடுவனைப் பெட்டையின் கூட்டில் விட்டால் கடிபட்டுத்தான் திரும்பும்.