டிராக்குக்குப் போகும் பழைய சிட்டி விடெக்கிற்கு எந்தக் குவிக் ரிலீஸ் ஹப்?

உங்களிடம் இருப்பது 2002-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக். பக்கெட் சீட் போட்டுவிட்டீர்கள், அடுத்து ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூடு) போடும் எண்ணம் இருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாட்களில் ஓட்டுகிறீர்கள், மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் ஊருக்குள் போக்குவரத்து. ஸ்டீயரிங்கை நொடியில் கழற்றி மாட்ட உதவும் குவிக் ரிலீஸ் ஹப் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதைப் போலப் பத்து மடங்கு விலையிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ரோல் கேஜ் போட்ட பிறகு ஸ்ப்லைன் (நீளவாக்கில் பற்கள் வெட்டிய) வகை ஹப் ஒன்றை வாங்குங்கள், அதுவரை குட்டையான ஒரு நல்ல பாஸ் கிட்டோடு (வேறு ஸ்டீயரிங்கை வண்டியின் தண்டோடு இணைக்கும் இடைத்துண்டு) நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். இந்தப் பொருளின் தரம் படத்தைப் பார்த்துத் தெரிவதில்லை என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஹப் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளில் ஸ்டீயரிங்கைக் கழற்றாமல் ஓட்டுநரால் உள்ளே இறங்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஃபார்முலா 1 விதிகளில், ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ என்ற சட்டம் வருவதற்கு முன்பு, பெல்ட் பூட்டிய நிலையில் இருக்கும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைக் கழற்றி 5 நொடிக்குள் வெளியேற வேண்டும், மொத்தம் 10 நொடிக்குள் அதைத் திரும்பவும் மாட்டிவிட வேண்டும் என்று இருந்தது. கூரையுள்ள கார்களில் இதே தேவை ரோல் கேஜின் பக்கவாட்டுக் குழாய்களும் உயரமான விளிம்புள்ள பக்கெட் சீட்டும் சேரும்போதுதான் வருகிறது. உங்கள் வண்டியில் இப்போது கதவைத் திறந்து காலை வெளியே போட்டால் இறங்கிவிடலாம். அந்த நிலையில் குவிக் ரிலீஸ் என்பது ஸ்டீயரிங்கிற்கும் அதன் தண்டுக்கும் இடையில் நீங்களாகவே சேர்க்கும் கூடுதல் மூட்டு. அது தரும் பயனைவிட அது கேட்கும் கவனம் அதிகம்.

அவசரத்தில் அதைக் கழற்றப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம். மயங்கிய ஓட்டுநரை வெளியே எடுக்க வரும் மார்ஷலுக்கு உங்கள் ஹப்பை முன்பின் தெரியாது, கையில் கனத்த கையுறையும் இருக்கும். இதை எண்ணித்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் தொழில்நுட்ப விதிகளில் குவிக் ரிலீஸுக்கு ஓர் உருவத்தையே வரையறுத்திருக்கிறது: ஸ்டீயரிங்கிற்குப் பின்னால், அதன் அச்சை மையமாகக் கொண்ட வளையம் ஒன்று இருக்க வேண்டும், அது அனோடைஸ் செய்யப்பட்டோ வேறு நிலைத்த பூச்சினாலோ மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், அந்த வளையத்தை அச்சின் போக்கிலேயே இழுத்தால் ஸ்டீயரிங் கழன்றுவிட வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால்தான் கழலும் வகைகளையும், பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு ஊசியை இழுக்கும் வகைகளையும் நான் ஒதுக்குவதற்கு இதுவே காரணம். ஊதா, ரோஸ், வானவில் நிறங்களில் வரும் வளையங்கள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் இதற்கென்றே எஸ்.எஃப்.ஐ. 42.1 என்ற தர அளவுகோல் உண்டு. வாங்கும் பொருளில் அந்தச் சான்று இருந்தால் குறைந்தபட்சம் யாரோ ஒருவர் அதைச் சோதித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

இனி உள்ளே இருக்கும் பொறியமைப்பு. கடைகளில் அதிகம் கிடைப்பது குண்டுப் பூட்டு வகை; என்.ஆர்.ஜி., வொர்க்ஸ் பெல் போன்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் இவைதான். பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை மாட்டிக் கழற்றும் கப்ளரைப் பார்த்திருப்பீர்கள். வெளி வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் விலகி வழிவிடும், விட்டால் பள்ளத்தில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. ஆனால் குண்டுகள் ஸ்டீயரிங்கை உங்கள் பக்கம் வராமல் பிடிக்கின்றனவே தவிர, திருப்பும் விசையைத் தாங்குவது சில பற்களோ ஊசிகளோதான். குண்டுகள் எஃகு, அவை அமரும் பள்ளம் பல மலிவான ஹப்புகளில் வெறும் அலுமினியம். பழைய ஹப் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குண்டு உட்காரும் இடமெல்லாம் கறுப்புப் பூச்சு போய்ப் பளபளவென்று சிறு குழிகள் விழுந்திருக்கும், அவற்றின் ஓரத்தில் அலுமினியம் மெல்லிய விளிம்பாகப் பிதுங்கியிருக்கும். ஸ்டீயரிங் லேசாகக் கடகடக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

ஆறு பக்க வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் வகை இன்னும் மலிவானது. மூலைகள் தேயத் தேயத் திருப்புகிற திசையிலேயே ஆட்டம் வந்துவிடும் என்பதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ப்லைன் வகையில் நீளவாக்கில் வெட்டிய பல பற்கள் விசையைப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல தயாரிப்பில் அந்தத் தண்டு கடினப்படுத்திய எஃகாக இருக்கும். பற்களில் ஒன்று மட்டும் அகலம் மாறியிருந்தால், அல்லது ஒரு பல் விடுபட்டிருந்தால், ஸ்டீயரிங் ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எந்த நிலையிலும் செருகலாம் என்ற ஹப்பில், அவசரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு, சக்கரம் நேராக இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முதல் வளைவுக்குப் போய்ச் சேர நேரிடும்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஹப்பின் பற்கள் அச்சிலிருந்து 25 மி.மீ. தொலைவில் இருப்பதாகவும், உங்கள் ஸ்டீயரிங் 350 மி.மீ. விட்டம் கொண்டது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் கை அச்சிலிருந்து 175 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது ஏழு மடங்கு தொலைவில். பற்களில் 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் விளிம்பில் 0.7 மி.மீ. வெற்று அசைவு கிடைக்கும். ஒரு பாகை ஆட்டம் என்றால் விளிம்பில் அது 3 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். சாலையில் இது எரிச்சல் மட்டுமே. டிராக்கில் முன்சக்கரப் பிடிப்பு விடுபடுவதைக் கையால் உணர வேண்டிய அந்த நொடியில், ஸ்டீயரிங் லேசாவது டயரினாலா ஹப்பினாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். எனவே வாங்கும் முன், முடிந்தால், இரண்டு பகுதிகளையும் பூட்டிக் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். முறுக்கும் திசையில் துளியும் அசையக் கூடாது. முன்னும் பின்னுமாக மிகச் சிறிய அசைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தால் ஹப் முடிந்துபோயிற்று என்று பொருள்.

பலரும் கடைசியில் யோசிப்பது நீளத்தைப் பற்றி. ஸ்டீயரிங் தண்டின் மேல் பாஸ், அதன் மேல் குவிக் ரிலீஸ், அதன் மேல் ஸ்டீயரிங் என்று அடுக்கும்போது ஒவ்வொன்றும் ஸ்டீயரிங்கை உங்கள் மார்பை நோக்கி நகர்த்துகிறது. வழக்கமான நீளத்துப் பாஸின் மேல் குவிக் ரிலீஸை வைத்துவிட்டு, பள்ளமான டீப் டிஷ் ஸ்டீயரிங்கையும் மாட்டினால் முழங்கை மடங்கி விலாவில் இடிக்கும், இண்டிகேட்டர் தண்டும் விரலுக்கு எட்டாது. முதுகு சீட்டில் ஒட்டியிருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். ஹப்பின் தடிமனை முன்கூட்டியே அளந்து, அதற்கேற்பக் குட்டைப் பாஸையும் தட்டையான ஸ்டீயரிங்கையும் தேர்ந்தெடுங்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கிளட்ச் எட்டாது.

போல்ட் துளைகளின் வட்டமும் பொருந்த வேண்டும். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. ஸ்டீயரிங்குகள் பொதுவாக 70 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை கொண்டவை. நார்டி, பெர்சனல் 74 மி.மீ. இரண்டுக்கும் துளையிட்டு வரும் ஹப்புகள் உண்டு. துளையை அரத்தால் நீட்டிப் பொருத்தும் வேலை மட்டும் வேண்டாம்; அங்கே இருப்பது சிறிய 5 மி.மீ. போல்ட்டுகள், அவை துளையின் சுவரில் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால்தான் பாரத்தைத் தாங்கும். ஆலன் கீயால் எதிரெதிராகச் சமமாக இறுக்கி, போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசையில், கழற்றக்கூடிய வகையை ஒரு சொட்டு விடுங்கள். தண்டின் மைய நட்டுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொல்லியிருக்கும் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் கொடுங்கள்.

ஹோண்டா வண்டிகளில் இன்னொரு சிறு விஷயம் உண்டு. வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் பிளாஸ்டிக் வளையம் ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கிறது. புதிய பாஸில் அதற்கான காடிகள் இல்லையென்றால், அல்லது பாஸை மாட்டும்போது வளையம் தவறிய நிலையில் இருந்தால், இண்டிகேட்டர் அணையாது, சில சமயம் வளையமே உடைந்துவிடும். ஹார்னுக்கு ஹப்பின் இரு பகுதிகளுக்கும் இடையே மின் தொடர்பு வேண்டும். குண்டுப் பூட்டு வகையில் ஸ்பிரிங் வைத்த செப்பு முனைகள் இருக்கும். பந்தயத்துக்கான ஸ்ப்லைன் வகைகள் பலவற்றில் எதுவுமே இருக்காது, சுருள் வயரைத் தனியாக இழுத்துச் செருகியில் மாட்ட வேண்டியிருக்கும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு ஹார்ன் இல்லாமல் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 119-ம் அதைக் கேட்கிறது.

ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிடுவேன். ஏர்பேக்கை எடுத்துவிட்டு ஒரு ரெசிஸ்டரைச் சொருகினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையும், அவ்வளவுதான்; மோதலில் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கப்போவது ஓர் அலுமினிய உருளை. உங்கள் சிட்டியில் ஏர்பேக் இல்லை என்றாலும் இந்தக் கவலை முழுவதும் தீர்ந்துவிடாது. நிறுவனம் கொடுத்த ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி மார்பு மோதினால் நசுங்கி விசையை உள்வாங்கும்படி செய்யப்பட்டது, குவிக் ரிலீஸ் ஹப் நசுங்காது. டிராக்கில் உங்களைச் சீட்டோடு பிடித்துவைக்க ஹார்னஸ் என்ற பந்தய பெல்ட் இருக்கும். அவிநாசி சாலையில் மூன்று முனை பெல்ட்டோடு போகும்போது அது இருக்காது. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 உற்பத்தியாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் முதலில் பார்க்கும் இடங்களில் ஸ்டீயரிங்கும் ஒன்று. ஆகவே எந்த ஹப்பை வாங்கினாலும் அசல் ஸ்டீயரிங்கைப் பத்திரமாக வைத்திருங்கள். டிராக் நாளுக்கு முந்தைய மாலை மாற்றிக்கொள்வது அரை மணி நேர வேலை.

திருட்டைத் தடுக்கலாம் என்பதற்காக வாங்க நினைத்தால் வாங்காதீர்கள். கழற்றிய தண்டின் முனையை ஒரு பெரிய லாக்கிங் பிளையரால் பிடித்தே திருப்பிவிடலாம். சில வேளைகளில் திருடனுக்கு வேண்டியது ஹப்பாகவே இருக்கும்.

கோவையில் இருப்பதால் லேத் பட்டறை ஆசை வரும். எதையும் செய்துகொடுக்கும் ஊர்தான், ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் வேண்டாம். அசல் ஸ்டீயரிங்கின் நடுவை அறுத்து ஒரு தகட்டை வெல்டு வைத்துப் பாஸாக மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வெல்டிங்கின் உட்பகுதியைச் சோதிக்க உங்களிடம் எந்த வழியும் கிடையாது. பந்தயத்துக்கான ஸ்ப்லைன் ஹப்புகள் பல தண்டோடு வெல்டு செய்வதற்காகவே விற்கப்படுகின்றன. நம் சாலைக் கார்களின் ஸ்டீயரிங் தண்டு மோதலில் உள்வாங்கிக்கொள்ளும்படி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கும், பல வண்டிகளில் அதைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ஊசிகள். வெல்டிங் சூட்டில் அவை உருகினால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அதே ஸ்ப்லைன் ஹப்பை ஆறு போல்ட்டில் பாஸின் மேல் பொருத்தும் வடிவத்திலும் விற்கிறார்கள். சற்று விலை கூடும், அதையே வாங்குங்கள்.

மாட்டிய பிறகு ஒரு பழக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள்: ஸ்டீயரிங்கைச் செருகி, பூட்டும் சத்தம் கேட்டாலும், இரண்டு கையாலும் உங்கள் பக்கமாக ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள். குவிக் ரிலீஸில் நடக்கும் ஆபத்தான கோளாறுகளில் முதலாவது உடைவது அல்ல, பாதி மட்டும் பூட்டியிருப்பது. பாதி பூட்டிய ஹப் நேர்ப்பாதையில் ஒன்றும் சொல்லாது, பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும்போதுதான் கையோடு வரும். கரி டிராக்கின் தூசியில் குண்டுப் பள்ளங்களும் பற்களும் சீக்கிரம் அடைபடும் என்பதால் கெட்டியான கிரீஸ் தடவாமல், துணியால் துடைத்து, உலர்ந்த வகை லூப்ரிகன்ட் மட்டும் விடுங்கள். கழற்றிய ஸ்டீயரிங்கைப் பக்கத்துச் சீட்டில் வீசாமல், கேஜில் ஒரு கொக்கி வைத்து மாட்டுங்கள். பயன்படுத்திய ஹப்பை மட்டும் எவ்வளவு நம்பகமான நண்பரிடமிருந்தும் வாங்காதீர்கள்.

போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தச் சாம்பியன்ஷிப்பின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை எடுத்து, ஸ்டீயரிங் பற்றிய பத்தியையும் ஸ்டீயரிங் லாக்கை நீக்கச் சொல்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள். விற்பவரிடம் தண்டுப் பக்கத்துப் பாதி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். தேயும்போது முழுத் தொகுப்பையும் மறுபடி வாங்க நேரிடாமலிருக்க அந்தப் பதில் உதவும்.